வீட்டுக்குள் மட்டும் பாடிய ரேடியோ

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஒயரில்தான். கடலூர் முதுநகரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சாலிடரிங் கோல் பிடித்தேன். துறைமுகத்துப் படகுகளுக்கு ஒயர்லெஸ் மாட்டினேன். அப்புறம் டிஷ், அப்புறம் கேபிள் என்று ஊரில் பாதி மாடிகளில் ஏறி இறங்கியாயிற்று. என் கை படாத ஆன்டெனா இந்தப் பக்கத்தில் ஒன்று இருந்தால், அது நான் பிறப்பதற்கு முன்பே துருப்பிடித்து விழுந்ததாக இருக்கும். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைதான். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இன்று என் மொட்டை மாடியில் இருக்கும் ரேடியோவைப் பார்த்தால் ரேடியோ என்று யாரும் நம்ப மாட்டார்கள். சோப்பு டப்பா அளவுதான். குமிழ் இல்லை, முள் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பக்கத்துத் தென்னை வரைக்கும் நான் இழுத்துக் கட்டிய கம்பி, காற்றில் போகும் அலைகளையெல்லாம் வாரி அந்த டப்பாவில் கொட்டும். பக்கத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிடும். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு முகவரியைத் தட்டினால், திரையில் மேலிருந்து கீழாக நிறம் நிறமாக மழை விழுகிற மாதிரி தெரியும். அந்த மழையில் பளிச்சென்று நிற்கிற ஒவ்வொரு கோடும் ஒரு நிலையம். கோட்டைத் தொட்டால் பேச்சோ பாட்டோ கேட்கும். சாஃப்ட்வேர் ரேடியோ என்று பெயர். இந்த மாதிரிப் பெட்டி எங்கெங்கே இருக்கிறது என்று உலக வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். சென்னையைத் தாண்டித் தெற்கே விரலை இறக்கிக்கொண்டே வந்தால் கடலூர் என்று ஒரு புள்ளி. அந்தப் புள்ளி என் மாடி. பின்லாந்திலிருந்து ஒருவர் என் மாடி வழியாக இலங்கை வானொலி கேட்டுவிட்டு நன்றி எழுதியிருந்தார். ஆறாம் வகுப்புக்கு இது போதாதா?

ஆனால் பெட்டி என்னுடையதில்லை. பரங்கிப்பேட்டை பாய் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர், போன முறை லீவுக்கு வந்தபோது வாங்கிவந்தது. அங்கே உட்கார்ந்து நம்ம ஊர் மத்திய அலை நிகழ்ச்சிகளைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. "அண்ணே, கூரைன்னா நீங்கதான். உங்க மாடில வைங்க" என்று என் கையில் கொடுத்தார். சரியான ஆள் பார்த்துக் கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் என் மச்சானுக்குக் கிடையாது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை. பட்டம் வாங்கியவன். எங்களைப் போல அவனுக்கும் ரேடியோ பைத்தியம். பெட்டி வந்த நாளிலிருந்து ஒரே பல்லவிதான் பாடுவான்.

"கடலூர்ல இரைச்சல் ஜாஸ்தி மாமா. ஃபேக்டரி, மோட்டாரு, ரயிலு. எங்க வீட்டு மாடி வயல ஒட்டி இருக்கு. அங்க வச்சா கண்ணாடி மாதிரி கேக்கும்."

அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதை நான் அவனிடம் ஒப்புக்கொண்டதே இல்லை. ஒப்புக்கொண்டால் மறுநாள் ஏணியோடு வந்து நிற்பான்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் பாயிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது.

"அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். கடலூரு தொறக்கவே மாட்டுது. சுத்திக்கிட்டே நிக்கிது. நான் ஞாயித்துக்கிழம ஊருக்கு வர்றேன். அதுக்குள்ள சரியாவலன்னா பொட்டிய சிதம்பரத்துக்கு மாத்திப் பாக்கலாம்ணே. மச்சானும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

கடைசி வாக்கியத்தை நான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். மச்சானும் கேட்டுக்கிட்டே இருக்காராமே!

உடனே போனில் ரேடியோவைத் திறந்தேன். ஜம்மென்று திறந்தது. நிறம் மழையாக விழுந்தது. ஒரு கோட்டைத் தொட்டேன், யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் குறை வேறு எங்கோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

மச்சானுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். அதுவே சரியில்லை. கடையில் கூட்டம் என்று எப்போதும் நாலாவது தடவைதான் எடுப்பான்.

"ஆமா மாமா, வரல. பாய் சொன்னாரா?"

"இங்க நல்லா வருதே."

"இங்க வரல மாமா."

"எத்தன நாளா வரல?"

"பூசைலேர்ந்தே வரல."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல? பாய்கிட்ட மட்டும் சொல்லிருக்க?"

"உங்ககிட்ட சொன்னா நம்புவீங்களா? இப்ப நம்புறீங்களா?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தால் ஆள் எதையோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். படகுக்காரர்களோடு இத்தனை வருஷம் பழகியவனுக்கு இது தெரியாதா? "ஒயர்லெஸ் தானா கெட்டுப்போச்சுங்க" என்று சொல்கிற படகோட்டியின் கண்ணைப் பார்த்தே அதில் தண்ணீர் ஊற்றியது யார் என்று சொல்லிவிடுவேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அன்னிக்கு பூசைக்கு எல்லாத்தையும் கழட்டித் தொடச்சீங்களே. அதுல ஏதாவது மாறிருக்குமா?"

"சாமி கும்பிட்டு எந்தப் பொருளும் கெட்டதில்ல."

"சந்தனம் ஈரமா இருந்துச்சே."

"நான் வச்ச சந்தனம். எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியாதா? உன் தம்பிக்காகப் பேசற நீ."

அவள் கீரையை அலசப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனதிலும் எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. அக்காவும் தம்பியும் தினம் சாயங்காலம் பேசிக்கொள்கிறவர்கள்தானே.

என் வேலை முறை ஒன்று உண்டு. கோளாறு என்றால் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நடப்பேன். மீட்டர் அப்புறம்தான். மனிதன் பொய் சொல்வான், மீட்டரும் பேட்டரி போனால் பொய் சொல்லும். ஒயர் சொல்லாது. அதனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து கிளம்பினேன். மாடியில் பாடியது. படியில் பாடியது. வாசல் கேட்டிலும் பாடியது. தெரு முனை டீக்கடைக்குப் போனேன். அங்கே வீட்டு வைஃபை எட்டாது, போன் கம்பெனியின் நெட்தான். என் போனில் இரண்டு பட்டன் வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டுக்குள் இருக்கும்போது திறக்க, இன்னொன்று வெளியூரிலிருந்து திறக்க. வெளியூர்ப் பட்டனை அழுத்தினேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டீ ஆறியும் திறக்கவில்லை.

என் போனே அவர்களோடு சேர்ந்துகொண்டது.

சரி, பாயும் மச்சானும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நிஜமாகவே வெளியே வரவில்லை. ஆனால் வராமல் செய்தது யார்? என் சந்தேகம் தெருக் கம்பத்தில் ஏறியது. எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுக்கிற ஆள் ஒரு காலத்தில் கேபிளில் எனக்குப் போட்டியாக இருந்தவர். என் சந்தாதாரர்களை ஒவ்வொரு தெருவாக இழுத்துக்கொண்டவர். அவருக்கு என் புள்ளி உலக வரைபடத்தில் இருப்பது பிடிக்குமா?

வீட்டிலிருந்து போகிற மெல்லிய கறுப்பு ஃபைபர் ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்தேன். பால் பூத் கம்பம், மாதா கோயில் சந்துக் கம்பம், ரேஷன் கடைக் கம்பம். ரேஷன் கடைக்கு எதிரே புதிதாக ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். நான் மாட்டியதில்லை, என்னிடம் சொல்லியும் மாட்டவில்லை. பிடித்தேனா இல்லையா! ஆபீசுக்குப் போன் செய்து லைன்மேனை வரவழைத்தேன். பல்சரில் வந்து இறங்கினார். பைக் ஸ்டாண்டைப் போடும்போதே அலுப்பு தெரிந்தது.

"பெருசு, என்ன பிரச்சன?"

"இந்தப் பொட்டி என்ன?"

"அந்தத் தெரு பத்து வீட்டுக்கு. உங்க லைனு இதுல வரவே இல்ல. பாருங்க, தனியாப் போவுது."

வீட்டுக்கு வந்து முனையைக் கழற்றி மீட்டரில் சொருகினார். "வெளிச்சம் சரியா வருது. நெட்டு வருதா இல்லையா?"

"உள்ள வருது. வெளிய போவ மாட்டுது."

"வீட்டுல யூடியூப் ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன பெருசு? ஊரு பூரா நெட்டு உள்ள வரலன்னுதான் கூப்புடுவாங்க. நீங்க ஒரு ஆளுதான் வெளிய போவலன்னு கூப்புடுறீங்க."

நானும் விடவில்லை. நாலு வீட்டை ஒரே முகவரிக்குள் அடைத்து வைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த வீடு என்று தெரியாது என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைக் கேட்டேன். லைன்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் போனில் ஆபீஸ் பக்கத்தைத் திறந்து காட்டினார். எனக்கென்று தனி முகவரி இருந்தது. அதை என் ரவுட்டரில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். அதேதான்.

"திருப்தியா?" என்றார்.

திருப்தி இல்லை. ஆனால் அவர்மேல் பழி போட ஒன்றும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது மச்சான் ஒருவன்தான். தெருமுனையிலும் வரவில்லையே, அதற்குச் சிதம்பரத்தில் இருப்பவன் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் படித்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன வேண்டுமானாலும் செய்வான் என்று டிவியில் சொல்கிறார்களே. பெட்டி மாட்டிய நாளில் கூடமாட நின்றவனும் அவன்தான். எதையாவது பார்த்து வைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். சொல்லிவிட்டுப் போனால் திருடன் கன்னக்கோலை ஒளித்துவிடுவான் அல்லவா. ஆலப்பாக்கத்தில் ஒரு தடவை வெளியூர்ப் பட்டனை அழுத்தினேன். புதுச்சத்திரத்தில் ஒரு தடவை. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது, சிக்னல் முழுசாக இருந்தது. அங்கேயும் சுற்றல்தான். பக்கத்து சீட்டுக்காரர், "என்னங்க, ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சா?" என்றார். என் நிலைமையை இப்படி எடைபோடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மச்சான் கடைக்கு முன்பக்கமாகப் போகவில்லை. பக்கத்து பாத்திரக்கடை ஓரமாகப் போய், மிஷினுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவன் முதுகு தெரிந்தது. கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. திரையில் இருந்தது என் ரேடியோவின் முகவரி. அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கம் வெள்ளையாகவே நின்றது. தட்டினான், தலையைச் சொறிந்தான், மறுபடி தட்டினான்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று உள்ளே நுழைந்தேன்.

"என்ன பண்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "வாங்க மாமா. எப்ப வந்தீங்க? உங்க ரேடியோ வருதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"வராம இருக்கான்னு பாக்கறியா?"

அவன் முகம் மாறியது. ஆதார் கார்டு நகலெடுக்க வந்த ஓர் அம்மா, இரண்டு கல்லூரிப் பெண்கள், பட்டா நகலோடு காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி ஒருவர், எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

"மாமா, கடைல வச்சுப் பேசாதீங்க."

"நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல. ஆனா பொய் சொன்னா யாருக்கு லாபம்? பொட்டி யாரு வீட்டுக்கு வரும்?"

"நான் பொய்யனா?" கல்லாவைப் படாரென்று சாத்தினான். "நீங்களே தட்டுங்க. அந்தம்மா போனுல தட்டுங்க. ரோட்டுல போறவரு போனுல தட்டுங்க. மாமா, நான் வெளிய நின்னு கதவத் தட்டறேன், தொறக்கல. நீங்க உள்ள கட்டில்ல படுத்துக்கிட்டு வீடு நல்லாத்தானே இருக்குங்கறீங்க. கதவ யாரு பாக்கறது?"

காட்டுமன்னார்கோயில்காரர், "நியாயந்தானே" என்றார். அவரை யார் கேட்டார்கள்?

ஆனால் கதவு என்ற வார்த்தை என் மண்டையில் சொருகியது. ரவுட்டரில் கதவு வைத்தவன் நான்தான். வெளியிலிருந்து ரேடியோ கேட்டு யார் வந்தாலும் வீட்டுக்குள் மூன்றாம் எண்ணுக்கு அனுப்பு என்று அதற்கு உத்தரவு போட்டிருந்தேன். வீட்டில் போன், கேமரா, டிவி, ரேடியோ எல்லாவற்றுக்கும் ரவுட்டரே ஒரு எண் கொடுத்து வைக்கும். பெட்டி மாட்டிய நாளில் ரேடியோவுக்குக் கிடைத்தது மூன்று. நான் வீட்டுக்குள் இருக்கும்போது எண்ணைப் போட்டுத் திறப்பதில்லை, பெட்டியின் பெயரை வைத்துத் திறக்கிறேன். வீட்டுக்காரன் கதவு வழியாகவா போவான்? கொல்லைப்புறமாகவே போய்வருவான். அதனால் கதவைப் பற்றி எனக்குத் தகவலே வரவில்லை. இதையெல்லாம் நானேதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். மச்சான் கதவு என்று ஒரு வார்த்தை சொன்னான், அவ்வளவுதான்.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"ரவுட்டர் பக்கத்துல போ. உன் போன்ல நான் வச்சுக் குடுத்தேனே, நீலக் கலர் படம், அதத் தொடு."

"அடுப்புல குழம்பு கொதிக்குதுங்க."

"கொறச்சு வச்சுட்டு வா."

"பாஸ்வேர்டு கேக்குது."

இங்கேதான் இக்கட்டு. அந்த பாஸ்வேர்டு என்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கே தெரியாது. இப்போது அதைச் சொல்ல வேண்டும், அதுவும் மச்சான் கடையில் நின்றுகொண்டு.

"மச்சான், கொஞ்சம் வெளிய நில்லு."

"என் கடைலேர்ந்து என்னையே போவச் சொல்றீங்களா?"

"ஒரு நிமிஷம்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனான். ஆதார் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நானும் போவணுமாங்க?"

"நீங்க உக்காருங்கம்மா. உங்களால எனக்கு ஆபத்து ஒண்ணுமில்ல."

கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சுவர் பக்கம் திரும்பி, போனைக் கையால் மறைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மனைவி அங்கே அதை உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள். பக்கத்து வீட்டுக்கு எத்தனை எழுத்து கேட்டதோ தெரியாது.

"தொறந்துடுச்சு. என்னென்னமோ பேரா வருது."

"நம்பரோட படி."

"ரெண்டு, என் போனு. மூணு, டிவி. நாலு, மாடி கேமரா. அஞ்சு, உங்க பழைய போனு. ஆறு, ரேடியோ."

"மூணு என்ன சொன்ன?"

"டிவிங்க. நம்ம டிவிதான், கம்பெனிப் பேரு போட்டிருக்கு."

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் கரண்ட் போனாலும் ரவுட்டர் அணைவதில்லை. வருஷத்தில் ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும்தான் அதற்கு ஓய்வு. அன்று ரவுட்டர், ரேடியோ, டிவி எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவது என் வழக்கம். படகில் வேலை பார்த்த காலத்திலிருந்து எந்தக் கருவியையும் பூசையில் வைக்காமல் விட்டதில்லை. இந்தப் பெட்டிக்கு அது முதல் பூஜை. அணைந்த ரவுட்டருக்குப் பழைய ஞாபகம் எதுவும் இருக்காது. முதலில் வருகிறவருக்கு முதல் எண். ஒன்று ரவுட்டருக்கே சொந்தம், அணைக்காமல் கையில் இருந்த மனைவியின் போன் இரண்டைப் பிடித்துக்கொண்டது. பூசை முடிந்ததும் பொரிகடலையோடு பட்டிமன்றம் பார்க்க உட்கார்ந்தோம். அதற்கு முதலில் போட்டது டிவியைத்தான். மாடியில் ஏறி ரேடியோவைச் சொருகியது கடைசியில். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி டிவி மூன்றாம் எண்ணில் உட்கார்ந்துவிட்டது. வளைகுடாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் ரேடியோ கேட்டு வந்தவர்களையெல்லாம் ரவுட்டர் என் உத்தரவுப்படி டிவியிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறது. டிவி அவர்களுக்குக் கதவைத் திறக்குமா?

என் உத்தரவில் பிழை இல்லை என்பதைக் கவனியுங்கள். இடம் பிடித்தது டிவி.

மனைவிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி, மூன்று என்று இருந்ததை ஆறு என்று மாற்ற வைத்தேன். அதோடு விடவில்லை. ஆறாம் எண் ரேடியோவுக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் எந்தக் காலத்திலும் கிடையாது என்று ரவுட்டரில் பூட்டியும் வைத்தேன். பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. இனி எத்தனை பூஜை வந்தாலும் அசையாது.

"மச்சான், உள்ள வா. இப்ப தட்டு."

அவன் என்னைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்து தட்டினான். ஒரு சுற்று. பிறகு திரை முழுக்க நிறம் விழ ஆரம்பித்தது. ஒரு கோட்டைத் தொட்டான். சம்பா நாற்றங்காலில் பூச்சி பற்றி யாரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பட்டா நகலுக்கு வந்தவர் உடனே கிட்டே வந்து காதைக் கொடுத்தார்.

"இது எங்கேர்ந்து வருது?"

"எங்க வீட்டு மாடிலேர்ந்து" என்றேன்.

"மருந்து பேரு சொல்றாரு, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அவர்.

மச்சான் அன்று எனக்கு டீ வாங்கித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். மச்சானையும் அக்காள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பாயின் கார் வந்து தெருமுனையில் நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். அவர் இறங்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டு வைஃபை எட்டாத இடத்தில் நிறுத்திச் சோதிக்கிறார். என் வார்த்தையை மட்டும் நம்பி வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தாலும், விவரமான ஆள்தான் என்றும் தோன்றியது.

உள்ளே வந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நடந்ததையெல்லாம் இரண்டு பக்கமும் கேட்டார். நான் சொல்லும்போது மச்சான் இடையில் புகுந்தான். மச்சான் சொல்லும்போது நான் புகுந்தேன்.

"பாய், கடைல நாலு பேரு பாக்க என்னைப் பொய்யன்னு சொன்னாரு."

"பொய்யன்னு சொல்லல. பொய் சொல்றியோன்னு சந்தேகப்பட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா."

"ஒண்ணுன்னா நான் எதுக்கு ரெண்டு விதமா சொல்றேன்?"

பாய் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அண்ணே, பொட்டி இங்கயே இருக்கட்டும். நீங்க கட்டுன கம்பி நல்லாத்தான் வேல செய்யுது. ஆனா ஒண்ணு. உள்ள இருக்கறவரு கண்ணுக்கு இந்தக் கோளாறு தெரியல. வெளிய ஒரு கண்ணு வேணும். தெனம் மச்சான் சிதம்பரத்துலேர்ந்து தொறந்து பாக்கட்டும். ரவுட்டர் பாஸ்வேர்டும் அவருகிட்ட இருக்கணும். நீங்க ஊருல இல்லன்னா அவரு சரி பண்ணுவாரு."

"பாஸ்வேர்டு எதுக்கு பாய்? வரலன்னா போன் பண்ணட்டும், நான் பாத்துக்கறேன்."

"போன் பண்ணா நம்புவீங்களாண்ணே?"

மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பாயும் பார்த்தார். மச்சான் மட்டும் பார்க்கவில்லை. சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடுக்காவிட்டால் பெட்டி இன்றைக்கே பாயின் காரில் ஏறிச் சிதம்பரம் போய்விடும். கடலூர்ப் புள்ளி அழிந்துபோகும். கொடுத்தால் என் வீட்டுக் கதவின் சாவி இன்னொருவன் சட்டைப் பையில்.

கொடுத்தேன். மச்சான் தன் போனில் அடித்துக்கொண்டான். சரியா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டான். சாப்பிடும்போது அப்பளத்தை என் இலைக்குத் தள்ளினான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் யார் யார் கேட்கிறார்கள் என்று பார்க்கிறேன். பெட்டியே ஊர் ஊராகக் காட்டும். மற்ற ஊர்கள் வரும், போகும். சிதம்பரம் தினமும் வந்துவிடும். பாட்டு கேட்க வருகிறானா, எப்போது விழும் என்று பார்க்க வருகிறானா, தெரியவில்லை. கேட்டால் பாட்டுக்குத்தான் என்பான். பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா என்று சில நாள் நினைப்பு வரும். மாற்றினால் முதலில் தெரிவது அவனுக்குத்தான்.

ஒரு நாள் சிதம்பரம் வரவில்லை. விடிந்து வெயில் ஏறியும் காணோம். டீக்கடைக்குப் போய் வெளியூர்ப் பட்டனை அழுத்தினேன், திறந்தது. பெட்டியில் குறை இல்லை. மச்சானுக்குப் போன் போட்டேன். நாலாவது தடவைதான் எடுத்தான்.

"என்ன மச்சான், வரலயா?"

"வருது மாமா. கடைல கூட்டம். இப்பத்தான் செல்லுல போட்டேன்."

"என்ன வருது, சொல்லு பாப்போம்."

"செய்தி ஓடுது."

லைனைத் துண்டிக்காமலே செல்லைக் காதிலிருந்து இறக்கி, அதிலேயே ரேடியோவைத் திறந்து அவன் வழக்கமாகக் கேட்கிற கோட்டைத் தொட்டேன். செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன செய்தி?" என்று கேட்டேன்.